மொட்டை மாடியும் பங்குக் கிணறும்

புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் மொட்டை மாடி தேய்க்கும் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். ஐப்பசி மழைக்கு முன்னால் மாடியைச் சுத்தம் செய்து வைத்தால்தான் மழைத்தண்ணீர் நல்லபடியாகக் கிணற்றில் இறங்கும். போன வாரம் நாலு வீடு தள்ளி யாரோ மாடி கழுவினார்கள். பிளீச்சிங் பவுடர் வாசனை எங்கள் வாசல் வரை வந்தது. அந்த வாசனை வந்ததும் எனக்கு 2021-ஆம் வருடம் நினைவுக்கு வந்துவிட்டது.

பெருமையாகச் சொல்லிக்கொள்கிற கதை இல்லை இது. ஆனாலும் மாடியும் கிணறும் வைத்திருக்கிற என் வயதுக்காரர்கள் இதைப் படித்துவிட்டு வாளியைத் தூக்கினால் நல்லது என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

நான் டெலிபோன் இலாகாவில் கேபிள் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பள்ளம் தோண்ட வருகிறவர்களிடம் நான் சொல்கிற முதல் வார்த்தை, "மேப்பைப் பாத்தியாப்பா?" என்பதுதான். எந்த ஒயர் எங்கே புறப்பட்டு எங்கே போய்ச் சேருகிறது என்று தெரியாமல் மண்வெட்டியைத் தொடக்கூடாது. முப்பது வருடத்துக்கு மேல் ஊருக்குச் சொன்ன இந்தப் பாடத்தை என் சொந்த வீட்டு மாடியில் மறந்துவிட்டேன்.

முதலில் கிணற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தாம்பரத்துக்குக் கிழக்கே 1986-ல் மனை வாங்கியபோது, பக்கத்து மனைக்காரரும் நானும் செலவைப் பாதிப் பாதியாகப் போட்டு ஒரே கிணறாக வெட்டினோம். ஐந்தடி உறை. கிணற்றின் நடுவில் உத்தரம் போட்டு, அதன்மேல் மதில் சுவர் போகும். எங்கள் பக்கம் மோட்டார். அந்தப் பக்கம் இன்றைக்கும் கப்பியும் கயிறும்தான். அந்த வீட்டுக்காரர் காலமாகிப் பல வருடம் ஆகிவிட்டது. அவர் மனைவியைத் தெருவே 'ஆச்சி' என்றுதான் கூப்பிடும். திருநெல்வேலிக்காரர். எண்பது வயதை நெருங்கியும் காலையில் நாலு வாளி தானே இறைத்தால்தான் அவருக்குப் பொழுது விடியும். சோறு பொங்குவது, குழம்பு வைப்பது எல்லாம் அந்தத் தண்ணீரில்தான்.

2003-ல் எல்லா வீட்டிலும் மழைநீர் சேகரிப்பு வைத்தே ஆகவேண்டும், இல்லையென்றால் குடிநீர் இணைப்பைத் துண்டிப்போம் என்று அரசு அறிவித்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதுவரை எங்கள் மாடித் தண்ணீர் தெருவில்தான் கொட்டிக்கொண்டிருந்தது. பிளம்பரைக் கூப்பிட்டு இரண்டு குழாய்களையும் கீழே ஒன்றாகச் சேர்த்து, பக்கவாட்டுச் சந்தில் ஒரு வடிகட்டித் தொட்டி கட்டினோம். அதில் கூழாங்கல், செங்கல் ஜல்லி, மணல். அங்கிருந்து தண்ணீர் நேரே கிணற்றுக்கு. அதன் பலனை 2019 கோடையில் கண்டோம். சென்னையே குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்குப் பின்னால் ஓடியபோது எங்கள் கிணற்றில் மூன்றடித் தண்ணீராவது நின்றது. தெருவில் ஏழெட்டு வீட்டுக்காரர்கள் ஆச்சி வீட்டுப் பக்கம் வந்து இறைத்துக்கொண்டு போனார்கள்.

இனி 2021-க்கு வருகிறேன்.

எங்கள் மாடி சுருக்கி போட்டுத் தட்டோடு பதித்த பழைய மாடி. தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுகிற பக்கம் பாசி பிடித்துக் கறுத்துப்போய் வழுக்கும். அதற்கு முந்தின மழைக்காலத்தில் என் மனைவி வடகம் எடுக்கப் போய் அங்கே சறுக்கி விழுந்தாள். எலும்பு முறியாதது தெய்வாதீனம். அதனால் இந்த முறை பாசியின் வேரையே அறுத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. கடையில் போய் இரண்டு கிலோ பிளீச்சிங் பவுடர் வாங்கினேன். சைக்கிளில் பினாயில் விற்றுக்கொண்டு வருகிறவரிடம் மூன்று பாட்டில் ஆசிட் வாங்கினேன். கூலிக்கு ஒரு தம்பியையும் வரச் சொன்னேன்.

பவுடரையும் ஆசிட்டையும் கலக்கக்கூடாது என்பது எனக்குத் தெரியும். அந்தத் தம்பி, "ரெண்டையும் ஒண்ணா ஊத்திட்டா சீக்கிரம் போயிடும் சார்" என்றதற்குக்கூட, "ஐயையோ, வேண்டாம்ப்பா, கேஸ் கிளம்பும்" என்று பெரிய விஞ்ஞானி மாதிரி தடுத்தேன். காலையில் பவுடரைக் கரைத்து மாடி முழுக்க ஊற்றி, ஊறவிட்டு, தேய்த்துக் கழுவினோம். வெள்ளை வெள்ளையாகத் தண்ணீர் குழாய்க்குள் இறங்கியது. மத்தியானம், போகாத கறைக்கு மட்டும் ஆசிட். தட்டோட்டின் இடுக்குகளில் அது பொங்கிப் பொங்கி நுரைத்தது. அழுக்கு கரைகிறது என்று எனக்குச் சந்தோஷம். நாலு வாளித் தண்ணீர் விட்டு அதையும் குழாயில் தள்ளினோம்.

ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. கீழேயிருந்து இருமல் சத்தம். சாதாரண இருமல் இல்லை, மூச்சை இழுத்து இழுத்து இருமுகிற சத்தம். ஓடிவந்து பார்த்தால், சந்தில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். வடிகட்டித் தொட்டியின் மூடி இடுக்கிலிருந்து நெடி மூக்கைத் துளைத்தது. அவளை வாசலுக்கு இழுத்து வந்து, காற்றாட உட்கார வைத்து, ஆட்டோ பிடித்து டாக்டரிடம் போனேன்.

நெபுலைசர் வைத்துவிட்டு டாக்டர் கேட்டார்: "ரெண்டையும் சேத்து ஊத்தினீங்களா?"

"இல்லை டாக்டர், தனித்தனியாத்தான் ஊத்தினோம்."

"மேல தனித்தனி. கீழ?"

என்னிடம் பதில் இல்லை. காலையில் ஊற்றிய பவுடரின் சுண்ணாம்பு வண்டலெல்லாம் தொட்டிக்குள் ஜல்லியிலும் மணலிலும் தங்கியிருந்தது. மத்தியானம் வந்த ஆசிட் அதன்மேல் விழுந்தது. மாடியில் நான் தடுத்த கலவை தொட்டிக்குள் தானாகவே கலந்துவிட்டது. பிளீச்சிங் பவுடரில் அமிலம் பட்டால் கிளம்புவது குளோரின் வாயு. அது காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தங்கும். எங்கள் சந்தோ நாலடி அகலம். அவள் அதற்கு நடுவில் குனிந்து துவைத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலத்துக்குள் அவளுக்குச் சரியாகிவிட்டது. ஆனால் நான் இங்கே சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்ததை.

வீடு திரும்பும்போதே எனக்கு ஒன்று உறைத்தது. தொட்டிக்கு வந்த தண்ணீர் தொட்டியோடு நிற்காது. அடுத்தது கிணறு. அந்தக் கிணற்றில் பாதி என்னுடையது இல்லை. ஆச்சியிடம் போய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கேட்டைத் தாண்டினால் அவர் வீடு. ஆனால் நான் போகவில்லை. 'படித்த மனுஷன், இத்தனை வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன், இப்படிச் செய்துவிட்டானே' என்று அவர் நினைப்பாரே என்கிற வெட்கம். 'கொஞ்சம்தானே இறங்கியிருக்கும், தண்ணீரில் கரைந்து போயிருக்கும்' என்று எனக்கு நானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன். எங்கள் வீட்டில் மட்டும் மோட்டார் போடாமல், குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர் வாங்கி வைத்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் கிணற்றை எட்டிப் பார்த்தேன். கொசுப் புழுவைத் தின்னட்டும் என்று விட்டிருந்த சின்ன மீன்களும், பேரன் கொண்டுவந்து விட்ட இரண்டு கெண்டைகளும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் கப்பி கிறீச்சிடும் சத்தம் கேட்டது.

"ஆச்சி! இறைக்காதீங்க! நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். முந்தின நாள் சாயங்காலமே எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை.

ஆச்சி கயிற்றை விட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். "நேத்து ராத்திரியே தண்ணி ஒரு மாதிரி வாடை அடிச்சுது தம்பி. முனிசிபாலிட்டிக்காரன் மருந்து போட்டுட்டுப் போயிருப்பான்னு நெனச்சேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பேத்தி வந்திருக்கால்லா, கைக்குழந்தையோட. பால் பாட்டில் கழுவுனது இந்தத் தண்ணியிலதான்" என்றார்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. பாட்டிலைக் கொதிக்கிற வெந்நீரில் போட்டு எடுத்ததாலோ என்னவோ, குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவர்களோடு நானும் டாக்டரிடம் போய், அவர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அடுத்து, கிணற்றை என்ன செய்வது? மோட்டாரைப் போட்டுத் தெரு மழைநீர்க் கால்வாயில் இறைத்துவிடலாம் என்று ஹோஸ் பைப்பை இழுத்துக்கொண்டிருந்தேன். என்னோடு காலையில் நடக்க வருகிற நண்பர் ஒருவர், சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர், அந்த நேரம் பார்த்து வந்தார். "கால்வாய் எங்க சார் போகுது?" என்றார். ஏரிக்கு. "உங்க மீன் போச்சு, இப்ப ஏரி மீனும் போகணுமா?" என்றார். ஒரே நாளில் அதே தப்பை இரண்டாவது முறை செய்யப் பார்த்திருக்கிறேன்.

அவர் திண்ணையில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். ஐந்தடிக் கிணற்றில் ஆறடித் தண்ணீர் என்றால் கிட்டத்தட்ட 3,300 லிட்டர். கிணற்றுக்கு மருந்து போடுகிறவர்கள் 1,000 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம்தான் போடுவார்கள். அதன்படி எங்கள் கிணற்றுக்கு 8 கிராம் போதும். நான் மாடியில் கொட்டியது 2,000 கிராம். அதாவது 250 கிணற்றுக்கான மருந்து. வெயிலிலும் பாசியிலும் பெரும்பகுதி வீணாகி, பத்தில் ஒரு பங்குதான் உள்ளே போனது என்று வைத்தாலும், போட வேண்டியதைப் போல 25 மடங்கு. அந்தக் காகிதத்தை இன்னும் என் டைரிக்குள் வைத்திருக்கிறேன்.

பரிகாரமும் அவரே சொன்னார். அந்தக் காலத்து போட்டோ ஸ்டுடியோக்களில் பிலிம் கழுவ 'ஹைப்போ' என்று ஒன்று வைத்திருப்பார்களே, சோடியம் தயோசல்பேட், அது குளோரினை முறித்துவிடும். இப்போது வண்ணமீன் விற்கிற கடைகளில் 'ஆன்டி குளோரின்' என்று சின்ன கற்கண்டுக் கட்டி மாதிரி கிடைக்கிறது. வாங்கி வந்து கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். ஒவ்வொரு முறையும் ஒரு கண்ணாடிக் குழாயில் கிணற்றுத் தண்ணீரை எடுத்து, அதில் சோதனைச் சொட்டு மருந்தை விட்டுப் பார்த்தார். குளோரின் இருந்தால் மஞ்சள் நிறம் வரும். நாலாவது முறை மஞ்சள் வரவில்லை. அதற்குப் பிறகுதான் மோட்டார் போட்டு, தண்ணீரைப் பக்கத்துக் காலி மனை மண்ணில் இறைத்தோம். ஊற ஊற இரண்டு முறை இறைத்தோம். வடிகட்டித் தொட்டியின் ஜல்லி, மணல் எல்லாவற்றையும் அள்ளி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டோம். பத்து நாள் இரண்டு வீட்டுக்கும் கேன் தண்ணீர், என் செலவில். நவம்பரில் பெய்த மழைதான் உங்களுக்குத் தெரியுமே, ஊரையே மிதக்கவிட்டது. கிணறு அப்போதுதான் முழுசாகத் தேறியது.

இன்னொரு நஷ்டம் மழையில்தான் தெரிந்தது. படுக்கையறைக் கூரையில் ஈரம் பரவியது. கொத்தனார் மாடியைப் பார்த்துவிட்டு, "ஆசிட் ஊத்தினீங்களா சார்?" என்றார். எப்படித் தெரியும் என்றேன். "அன்னிக்குப் பொங்கினது அழுக்கு இல்ல சார், சுண்ணாம்பு. இடுக்குல வச்சிருந்த பூச்சையெல்லாம் ஆசிட் தின்னுடுச்சு" என்றார். பாசியும் அடுத்த வருடமே திரும்பி வந்துவிட்டது.

இப்போது நான் செய்வது இதுதான். மாடி நன்றாகக் காய்ந்து கிடக்கிற ஆவணி மாதத்திலேயே வேலையைத் தொடங்கிவிடுவேன். காய்ந்த பாசி உரித்தால் வந்துவிடும். கம்பி பிரஷ்ஷும் தென்னந்துடைப்பமும் போதும். உரித்ததைப் பெருக்கிச் சாக்கில் கட்டிக் குப்பைக்கு அனுப்புவேன். குழாய்க்குள் தள்ளுவதில்லை. பிறகு வெறும் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் முக்கால்வாசி போய்விடும். நிழல் விழாமல் வெயில் படுகிற இடத்தில் பாசி வருவதே இல்லை என்பதைக் கவனித்து, தொட்டிக்கு அந்தப் பக்கம் அடுக்கியிருந்த பழைய சாமான்களையும் எடுத்துவிட்டேன்.

மீதியுள்ள வழுக்கல் திட்டுக்கு மட்டும், ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் பவுடர் கரைத்துத் துணியால் ஒற்றுவேன். அதற்கு முன்னால் குழாய் வாய்களைத் துணி சுற்றி அடைத்து, மேலே மணல் மூட்டையை வைத்துவிடுவேன். அந்தத் தண்ணீரைத் துடைத்து எடுத்து, அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் இரண்டு மூன்று நாள் வெயிலில் திறந்து வைப்பேன். வெயில் குளோரினைப் போக்கிவிடும். பிறகு சொட்டு மருந்தில் பார்த்துவிட்டு, கிணற்றுக்கும் செடிக்கும் தள்ளி மண்ணில் ஊற்றுவேன். சாக்கடைத் தொட்டி உள்ள வீட்டுக்காரர்கள் அதில் ஊற்ற வேண்டாம். அதைச் செரிக்கிற நல்ல கிருமிகள் செத்துவிடும். ஆசிட் பாட்டில் எங்கள் வீட்டுப் படியை மிதிப்பதில்லை.

குழாய் தொட்டிக்குள் போவதற்கு முன்னால் ஒரு 'டி' ஜாயிண்டும் மூடியும் வைத்திருக்கிறேன். மூடியைக் கழற்றினால் தண்ணீர் கிணற்றுக்குப் போகாமல் வெளியே தென்னம்பாத்திக்குப் போகும். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 93 லிட்டர் தண்ணீர். முதல் மழையில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வரை வெளியே விட்டு, மாடி நன்றாக அலம்பிய பிறகுதான் மூடியைப் போடுவேன். கூலிக்கு வருகிறவருக்குக் கையுறையும் ரப்பர் செருப்பும் நானே வாங்கி வைத்திருக்கிறேன். அன்றைக்கு அந்தத் தம்பி வெறுங்காலோடு ஆசிட்டில் நின்றதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்கிற காரியம் ஒன்று உண்டு. முந்தின நாள் சாயங்காலம் மதில் ஓரம் போய், "ஆச்சி, நாளைக்கு மாடி கழுவுறேன்" என்று குரல் கொடுத்துவிடுவேன்.

"கொழாய அடைச்சாச்சா தம்பி?" என்பார்.

"அடைச்சாச்சு ஆச்சி."

"வந்து பாக்கட்டுமா?" என்பார் சிரித்துக்கொண்டே. இரண்டு முறை நிஜமாகவே வந்து பார்த்துவிட்டும் போயிருக்கிறார். பார்க்க வேண்டியவர்தானே.

மழைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. உங்கள் வீட்டு மாடிக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று இன்றைக்கே ஒருமுறை கீழே இறங்கிப் பார்த்துவிடுங்கள். அடுத்த வீட்டுக் கிணறு பக்கத்தில் இருந்தால் அவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.